மார்கழிக்குத் தயாராகும் அரசு இசைப் பள்ளிகள்... நாதஸ்வர வகுப்புக்கு யார் வருவார்கள்?

காலை வகுப்பு நேரத்தில் ஏதாவது ஒரு மாவட்ட அரசு இசைப் பள்ளியின் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். முதல் அறையில் தேவாரம். நட்டபாடைப் பண்ணில் ஒரு பதிகத்தை மாணவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். இரண்டு அறை தள்ளி நாதஸ்வரம். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை, கம்பீர நாட்டையில் ஒரு மாணவர் மெதுவாக ஊதிப் பழகுகிறார். எதிர் அறையில் குரலிசை. அங்கே தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளில் முதலாவது. அதுவும் நாட்டை!

மூன்று அறை, மூன்று பாடம். ஆனால் காதில் விழுவது ஒரே குடும்பத்து ராகம். கோயில் ஓதுவார் பாடுவதும், வீதியில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதும், சபாவில் வித்வான் பாடுவதும் வேறு வேறு உலகம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அந்தத் தாழ்வாரம் ஐந்தே நிமிடத்தில் விஷயத்தைப் புரியவைத்துவிடும்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கப்போகிறது. இசை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டிலேயே பரபரப்பான இரண்டு மாதங்கள் இவை. கோயில்களில் திருப்பாவை, திருவெம்பாவை, சென்னையில் சபாக் கச்சேரிகள், தமிழிசைச் சங்கத்தின் இசை விழா, அதன்பின் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை என்று வரிசையாக மேடைகள். இந்த மேடைகளுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிகளைப் பற்றி எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இசைப் பள்ளி

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 இடங்களில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளை நடத்துகிறது. கரூர், சேலம், விழுப்புரம், பெரம்பலூர், கிருஷ்ணகிரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், திருவாரூர், சீர்காழி என்று சென்னைக்கு வெளியே பரவியிருப்பதுதான் இவற்றின் சிறப்பு.

குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். மூன்றாண்டுப் படிப்பு. முடித்தால் அரசுச் சான்றிதழ். 12 வயதிலிருந்து 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். குரலிசை, பரதம், வயலின், மிருதங்கத்துக்கு 7-ம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கட்டணத்தைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. அண்மை ஆண்டுகளின் சேர்க்கை அறிவிப்புகளில் முதலாண்டுக் கட்டணம் 350 ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! அதோடு மாணவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகையும், பேருந்துப் பயணச் சலுகையும் உண்டு.

இந்தப் பள்ளிகளுக்கு மேலே கல்லூரிகள். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றில் மூத்தது சென்னைக் கல்லூரி. நாடு விடுதலை பெற்ற இரண்டே ஆண்டுகளில், 1949-ல் தொடங்கியது. அதன் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். கச்சேரி மேடையில் புகழின் உச்சியைப் பார்த்த பாடகர், ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அடையாற்றின் கரையில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மாளிகையில்தான் இந்தக் கல்லூரி வளர்ந்தது. 'பிராடி கேஸில்' என்ற அந்தக் கட்டடத்துக்கு இப்போது 'தென்றல்' என்று பெயர்.

ஒரு ராகம் மட்டும் சொல்லித்தர மாட்டார்கள்!

மார்கழியைத் தாண்டி இசை மாணவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாள், புஷ்ய பகுள பஞ்சமி. 1847-ல் தியாகராஜர் மறைந்த திதி அது. பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை கிளம்பும். காவிரிக்கரைச் சமாதிக்கு ஊர்வலம் வந்து சேரும். நாதஸ்வர மங்கல இசை முழங்கும். பிறகு நூற்றுக்கணக்கான கலைஞர்கள் எதிரெதிர் வரிசையில் தரையில் அமர்ந்து ஐந்து கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள்.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்து ராகம், ஐந்தும் ஆதி தாளம். மேடை, நாற்காலி, டிக்கெட் எதுவும் கிடையாது. பத்மவிருது பெற்றவருக்குப் பக்கத்தில் முதலாண்டு மாணவி உட்கார்ந்திருப்பாள். தாளம் போடும் கைகளில் சீனியர், ஜூனியர் தெரியாது.

இதில் ஒரு சுவாரஸ்யம். நான்காவதாக வரும் வராளியை குரு நேரடியாகச் சீடருக்குச் சொல்லித்தரக் கூடாது என்று சங்கீத உலகில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சொல்லித்தந்தால் இருவருக்கும் மனஸ்தாபம் வந்துவிடுமாம். அதனால், மற்றவர்கள் பாடக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்ள வேண்டும். பாடத்திட்டம் வைத்துத் தேர்வு நடத்தும் இந்தக் காலத்தில் எல்லோரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும், கேட்டே கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவருக்கு இந்தக் கூட்டத்தைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

இந்தக் கூட்டத்தில் பெண்களின் குரல் கேட்பதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. தியாகராஜரின் சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தபோது, தன் சொத்தைச் செலவழித்து அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1925-ல் குடமுழுக்கு நடந்தது. ஆனால், அவர் கட்டிய கோயிலில் அவர் பாட முடியவில்லை. ஆராதனை நடத்திய ஆண்கள் பெண்களை அனுமதிக்கவில்லை. நாகரத்தினம்மாள் சும்மா இருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றாயின. 1952-ல் மறைந்த அவருக்கும் தியாகராஜர் சன்னதிக்கு எதிரிலேயே நினைவிடம் இருக்கிறது. திருவையாற்றுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

எல்லோருக்கும் சீஸன்... இவர்களுக்கு?

இனி அந்தத் தாழ்வாரத்துக்குத் திரும்புவோம். மங்கல இசை இல்லாமல் ஆராதனை கிடையாது. சபாக்களின் தொடக்க விழாவும் நாதஸ்வரத்தோடுதான் ஆரம்பிக்கும். ஆனால் அந்த நேரத்தில் அரங்கில் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள்? விருந்தினர் வருவார்கள், மாலை மரியாதை நடக்கும், மைக் சோதனை நடக்கும். நாதஸ்வரம் பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

பாட்டுக்காரர்களுக்கும் வயலின், மிருதங்கக் கலைஞர்களுக்கும் மார்கழி என்பது சீஸன். நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்குக் கதை வேறு. அவர்களின் முக்கிய வருமானம் முகூர்த்த நாட்களிலிருந்து வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை பிறக்கும் வரை கோயில் வாசிப்பு மட்டும்தான். ஊரே கச்சேரி கேட்கும் மாதத்தில் இவர்கள் கையில் காசு குறைவாக இருக்கும்.

முகூர்த்த நாளிலும் இப்போது போட்டி. பல திருமணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வந்துவிட்டது. சில மண்டபங்களில் பதிவுசெய்த கெட்டி மேளமே ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மின்சாரத்தில் இயங்கும் நகரா தானாகவே அடித்துக்கொள்கிறது. ஸ்விட்ச் போட்டால் போதும். சம்பளம் கேட்காது, ஊருக்குப் போக லீவும் கேட்காது!

அதனால்தான் சேர்க்கை சமயத்தில் பெற்றோர் பரதநாட்டியத்துக்கும் குரலிசைக்கும் யோசிக்காமல் விண்ணப்பம் வாங்குகிறார்கள். நாதஸ்வரம் என்றால் யோசிக்கிறார்கள். "இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பதில் தப்பில்லை.

மூச்சும் மரமும் நாணலும்

யோசிக்க இன்னொரு காரணமும் உண்டு. நாதஸ்வரம் எளிதில் வசப்படாது. விரல்கள் மூட ஏழு துளைகள். கமகமும் நுணுக்கமான சுரங்களும் பாதி விரலில், பாதி மூச்சில், மீதி உதட்டின் அழுத்தத்தில் பிறக்க வேண்டும். தொடக்கத்தில் காற்று மட்டும்தான் வரும். நாதம் வர மாதங்கள் ஆகும். அதனால்தான் வாத்தியத்தைக் கையில் எடுக்கும் முன்பே பாடத்தை வாயால் பாடப் பழக்குகிறார்கள். வாயில் வராத சங்கதி குழலிலும் வராது.

குழலுக்கு ஆச்சா மரம். அதிலும் புது மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களும் தூண்களும்தான் தேவை. பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய மரத்தில்தான் நாதம் கனமாக வரும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை இந்தக் கைவேலைக்குப் பெயர் பெற்ற ஊர். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று மேடைகளில் பார்க்கும் நீளமான 'பாரி நாயனம்' உருவான கதையில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும். ஒருவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. இன்னொருவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசிப்பவர் கேட்க, செய்பவர் செதுக்க, வாத்தியமே மாறியது.

வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குக் காவிரிப் படுகையில் விளையும் நாணல் வகைத் தட்டை. தவிலுக்குப் பலா மரம். ஆக, ஒரு மாணவர் நாதஸ்வர வகுப்பில் சேர்ந்தால் அது ஒரு மாணவரின் கதை மட்டுமல்ல. மரம் கடைபவர், சீவாளி கட்டுபவர், தவிலுக்குத் தோல் இழுத்து வார் பிடிப்பவர் என்று நாலு குடும்பத்து அடுப்பும் அதோடு சேர்ந்திருக்கிறது. வகுப்பு காலியானால் முதலில் அணைவது அந்த அடுப்புகள்தான்.

யார் வேண்டுமானாலும் ஊதலாம்

நாதஸ்வரமும் தவிலும் நெடுங்காலம் குறிப்பிட்ட சமூகங்களின் பரம்பரைக் கலையாக இருந்தவை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு. வெளியாள் கற்றுக்கொள்வதும் சுலபமல்ல, பெண்கள் கற்றுக்கொள்வது அதைவிட அபூர்வம்.

அந்த வேலியைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். மதுரை பொன்னுத்தாய், பெண்கள் நாதஸ்வரத்தைத் தொடவே தயங்கிய காலத்தில் பெரிய கோயில் விழாக்களில் வாசித்துப் பேர் வாங்கினார். ஆந்திராவில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர் பாணி வாசிப்பில் தனி இடம் பிடித்தார். அவரிடம் பயின்ற ஷேக் மெகபூப் சுபானி, காலீஷாபி மெகபூப் தம்பதிக்கு 2020-ம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது. ராமர் கோயில் வாசலிலும் ரங்கநாதர் சன்னதியிலும் இஸ்லாமியக் கலைஞரின் நாதஸ்வரம் ஒலிப்பது இங்கே புதிதல்ல.

அரசு இசைப் பள்ளி செய்யும் பெரிய வேலை இதுதான். நாதஸ்வர வகுப்பில் சேர்வதற்கு, "உங்க தாத்தா யாருகிட்ட கத்துக்கிட்டார்?" என்ற கேள்விக்குப் பதில் தேவையில்லை. வயதும் ஆர்வமும் போதும். மகள் சேர வேண்டும் என்றாலும் அதே விண்ணப்பம்தான்.

சரி, வேலை கிடைக்குமா?

2021 ஆகஸ்டில் ஒரு செய்தி பலரது போனில் சுற்றியது நினைவிருக்கலாம். சென்னை தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் ஒரு இளம்பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண், சன்னதியில் நின்று தேவாரம் பாடும் காட்சி வைரலானது. அவர் தேவாரம் படித்தது கரூர் மாவட்ட அரசு இசைப் பள்ளியில். 'எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்' என்று அறிவிப்பில் வரும் அதே தேவாரப் பிரிவுதான்!

இந்தச் செய்தி சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, சான்றிதழ் வெறும் காகிதமல்ல. இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் ஓதுவார், நாதஸ்வரம், தவில் பணியிடங்களுக்கு இசைப் பள்ளிச் சான்றிதழ் ஒரு தகுதி. இரண்டாவது, அந்தப் பணியிடங்கள் எல்லோருக்கும் போதாது. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். சில கோயில்களில் சம்பளம் குடும்பம் நடத்தும் அளவுக்கு இருக்காது.

ஆகவே, பெற்றோரின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான். இசையை மட்டும் நம்பி மூன்றாண்டில் வேலை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், பள்ளிச் சான்றிதழோடு நிற்காமல் இசைக் கல்லூரியில் பட்டயமோ, பட்டமோ முடித்தால் வழிகள் கூடும். இசை ஆசிரியர் பணி, கோயில் பணி, கல்யாணக் கச்சேரி, வீட்டில் வகுப்பு, நாட்டியத்துக்குப் பக்கவாத்தியம் என்று நாலு கிளையாகப் பிரித்து வைத்துக்கொண்டவர்கள்தான் இந்தத் துறையில் தாக்குப்பிடிக்கிறார்கள். ஒரு கிளை காய்ந்தால் இன்னொன்று காப்பாற்றும்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம், சமையல், போட்டோகிராபர் என்று பட்டியல் போடும்போது, மேளக்காரரைக் கடைசி வரியில் பேரம் பேசி எழுதுகிறோமா, முதல் பக்கத்தில் மரியாதையோடு எழுதுகிறோமா? நாதஸ்வர வகுப்பில் அடுத்த ஆண்டு எத்தனை பேர் சேர்வார்கள் என்பது அந்தப் பட்டியலிலும் தீர்மானமாகிறது.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

* மார்கழி அதிகாலை: உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பாவை, திருவெம்பாவை பாட ஆள் தேடுவார்கள். குழந்தைகளுக்கு முதல் மேடையாக இதைவிட நல்ல இடம் இல்லை. தப்பு வந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். பொங்கல் பிரசாதமும் உண்டு!

* சென்னை டிசம்பர் சீஸன்: 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாடுதான் மியூசிக் அகாடமிக்கும் இந்த சீஸனுக்கும் விதை. பல சபாக்களில் பகல் நேரத்தில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. இசை படிக்கும் பிள்ளைகளை அழைத்துப்போக ஏற்ற நேரம்.

* தமிழிசைச் சங்கம்: 1943-ல் தொடங்கிய சங்கத்தின் இசை விழா, ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும். அதையொட்டிப் பண் ஆராய்ச்சிக் கூட்டமும் உண்டு. தேவாரம் படிக்கும் மாணவர்கள் தவறவிடக் கூடாதது.

* திருவையாறு ஆராதனை: தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். பஞ்சமி அன்று காலை 9 மணியளவில் பஞ்சரத்னம் தொடங்கும். இடம் பிடிக்க விடியற்காலையிலேயே போய்விடுங்கள். போக முடியாதவர்களுக்கு வானொலி, தொலைக்காட்சி நேரலை இருக்கிறது.

* 12 வயது ஆகவில்லையா? 5 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்கு மாவட்டங்களில் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. பாட்டு, நடனம், ஓவியம் கற்றுத்தருகிறார்கள். இசைப் பள்ளிக்குப் போகும் முன் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க நல்ல வழி.

* விருது உண்டு: 18 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்கு மாவட்டக் கலை மன்றம் 'கலை இளமணி' விருது தருகிறது. விண்ணப்ப அறிவிப்பு வரும்போது கவனியுங்கள்.

* சேர்க்கை: மாவட்ட இசைப் பள்ளிகளில் புதிய மாணவர் சேர்க்கை கோடை விடுமுறையையொட்டித் தொடங்கும். அதற்கு முன் ஒரு வேலை நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு நேரில் போய், எல்லா வகுப்பையும் காட்டுங்கள். எந்த அறை வாசலில் அதிக நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

அது நாதஸ்வர அறையாக இருந்தால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்!